அந்நியப் படைத்தளங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புத் துறைமுகத்துக்கு வெளிநாட்டுப் போர்க்கப்பல் ஒன்று வந்து சேரும் ஒவ்வொரு முறையும், இலங்கை இன்னொரு நாட்டின் இராணுவத் தளமாகிவிட்டது என்ற பேச்சு நமது பத்திரிகைகளில் எழுகிறது. அந்த அக்கறை நியாயமானது. ஆனால் எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதில் தெளிவில்லாவிட்டால், கேட்க வேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போய்விடும்.

குத்தகைக்கு விட்ட துறைமுகத்தையும் படைத்தளத்தையும் ஒன்றாகக் கருதுவதே மிகப் பரவலான தவறு. முறையான தளம் என்றால் அங்கே அந்நியப் படையினர் நிலையாகத் தங்கியிருப்பார்கள், ஆயுதமும் எரிபொருளும் சேமிப்பில் இருக்கும், அவர்கள் குற்றமிழைத்தால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிப்பது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 112 கோடி அமெரிக்க டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனம் ஒன்றிடம் கையளிக்கப்பட்டபோது இவற்றில் எதுவும் கைமாறவில்லை. கடனுக்கு ஈடாகத் துறைமுகத்தை எழுதிக் கொடுத்தார்கள் என்பதும் சரியல்ல. கிடைத்த பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்பை வலுப்படுத்தப் பயன்பட்டது, துறைமுகம் கட்ட வாங்கிய கடன் நாட்டின் தலையிலேயே இருந்தது.

2014இல் பெரும் சர்ச்சையைக் கிளப்பிய சீன நீர்மூழ்கிக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வரவில்லை. கொழும்பில், சீன நிறுவனம் நடத்தும் கொள்கலன் முனையத்திலேயே நின்றது. 2017 மே மாதத்தில், இந்தியப் பிரதமர் இங்கே வந்திருந்த வேளையில், இன்னொரு சீன நீர்மூழ்கிக்கு அதே கொழும்பில் அனுமதி மறுக்கப்பட்டது. முனையத்தை நடத்தியவர்கள் மாறவில்லை. அரசாங்கமும் அதன் கணக்கும் மாறியிருந்தன. ஆகவே துறைமுகம் யாருடையது என்பதோடு, கப்பலுக்கு அனுமதி கொடுப்பவர் யார், அந்த வேளையில் அவர் யாருக்குக் கடமைப்பட்டிருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பலின் வருகையை முதலில் ஒத்திவைக்கச் சொல்லிவிட்டுப் பின்னர் அனுமதித்த அரசாங்கம், அதே மாதங்களில் இந்தியாவின் அவசர உதவியிலும் தங்கியிருந்தது, கடன் மறுசீரமைப்புக்குச் சீனாவின் இணக்கத்தையும் எதிர்பார்த்திருந்தது.

இதன் மறுபக்கத் தவறு, தளம் இல்லையென்றால் கவலைக்கே இடமில்லை என்று எண்ணுவது. அமெரிக்காவுடன் 2007இல் கையெழுத்திடப்பட்டு 2017இல் புதுப்பிக்கப்பட்ட அக்சா (ACSA) என்ற இராணுவச் சேவைப் பரிமாற்ற உடன்படிக்கை, அமெரிக்கப் படைகள் இங்கே எரிபொருளும் பிற சேவைகளும் பெற வழிசெய்கிறது. கொடி பறக்கும் தளத்தைவிடத் தேவைப்படும்போது வந்துபோகும் உரிமை செலவு குறைந்தது, உள்ளூர் எதிர்ப்பும் குறைந்தது என்பதை வல்லரசுகள் நன்கறியும். பிலிப்பைன்ஸிலிருந்து 1992இல் வெளியேறிய அமெரிக்கா, 2014ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம், அந்நாட்டுக்கே சொந்தமான முகாம்களைப் பயன்படுத்தும் உரிமையோடு திரும்பி வந்தது.

வரைபடத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதும் பிழையானது. செங்கடலின் தெற்கு வாயிலான பாப் எல் மண்டெப் நீரிணையின் அருகில் இருப்பதால் ஆபிரிக்க நாடான ஜிபூட்டியில் பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி ஆகிய நாடுகளும், 2017 முதல் சீனாவும் தளம் வைத்திருக்கின்றன. ஆனால் வேறு வருமானம் அதிகமில்லாத ஓர் அரசு எல்லோரையும் வரவேற்று எவரிடமும் முழுமையாகச் சிக்காமல் இருக்கத் தீர்மானித்திருக்காவிட்டால் அது நடந்திருக்காது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றான திருகோணமலையிலோ பிரித்தானியர் 1957இல் போனபின் எந்த நாடும் நிரந்தரத் தளம் அமைக்கவில்லை.

திருகோணமலையின் கதையைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். 1947 நவம்பரில் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க, இங்குள்ள தளங்களைப் பிரித்தானியர் பயன்படுத்த இடமளித்த பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது பிரித்தானியரின் நிர்ப்பந்தத்தால் மட்டுமல்ல. பெரிய அயல்நாட்டின் அருகே படைபலமற்ற சிறிய நாடாக வாழ்வதற்கு அது ஒரு காப்பு என்று அவர் கருதினார். பத்தாண்டுகளில் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, அணிசேராக் கொள்கையே சிறந்த காப்பு என்று கணித்துத் தளங்களை மீளப் பெற்றார். 1987ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தம் என்றால் மாகாண சபைகளும் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமுமே நமக்கு நினைவுக்கு வருகின்றன. அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்களோ, இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகங்களையோ எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுப்பதில்லை என்றும், திருகோணமலையிலுள்ள சீனக்குடா எண்ணெய்க் குதங்களை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைக்கும் என்றும் கூறின. தமிழர் பிரச்சினைக்கான உடன்படிக்கையாக நாம் வாசித்த ஆவணத்தில் டில்லியின் கடல்சார் கணக்கும் இருந்தது. 99 குதங்களைப் பங்கிட்ட 2022 ஜனவரி உடன்பாட்டை அந்தக் கடிதங்களின்றி விளங்கிக்கொள்ள முடியாது.

வல்லரசு கேட்டால் சிறிய நாடு மறுக்க முடியாது என்ற எண்ணத்துக்கும் வரலாறு இடம் கொடுப்பதில்லை. 1991 செப்டெம்பரில் பிலிப்பைன்ஸ் செனற் 12க்கு 11 என்ற வாக்குகளால் அமெரிக்காவின் சூபிக் கடற்படைத் தளத்தை நீடிக்க மறுத்தது. மாலைதீவு 2024 மே மாதத்துக்குள் இந்தியப் படையினரைத் திருப்பி அனுப்பியது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்தும் தவறு, அந்த மண்ணில் வாழ்ந்தவர்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவதாகும். இந்து சமுத்திரத்தில் பிரித்தானியாவின் ஆளுகையிலிருந்த சாகோஸ் தீவுக்கூட்டத்தின் டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக அத்தீவுகளின் மக்கள் 1968க்கும் 1973க்கும் இடையில் முற்றாக அகற்றப்பட்டனர். 2021 ஒக்டோபரில் கனடா நோக்கிப் புறப்பட்ட படகொன்றிலிருந்து மீட்கப்பட்ட இலங்கைத் தமிழர்கள் அதே தீவில் கூடாரங்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். பலரை 2024 டிசம்பரில்தான் பிரித்தானியா தன் நாட்டுக்கு அழைத்துக்கொண்டது. 2025 மே மாதம் பிரித்தானியாவும் மொரீஷியஸும் கையெழுத்திட்ட உடன்படிக்கை ஏனைய தீவுகளில் மீள்குடியேற வழிவிட்டாலும், டியேகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்குத் தளத்துக்கே ஒதுக்குகிறது.