மஹ்மூத் எல்-மெலிகியைத் தேடிப் பார்ப்பது எப்படி

பழைய எகிப்துப் படங்களுக்குள் நுழைய நாயகனை விட்டுவிட்டு ஒரு துணை நடிகரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தது மஹ்மூத் எல்-மெலிகியை (1910–1983). வில்லனாகவே பேர் எடுத்தவர்.

ஆங்கிலத்தில் அவர் பெயரை ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள், அதனால் அரபு எழுத்திலேயே தேடுங்கள். எங்கள் திருகோணமலையில் இது பெரிய பாடில்லை, கிண்ணியாவிலோ மூதூரிலோ சின்ன வயதில் குர்ஆன் ஓதிய கூட்டாளி ஒருவர் இருப்பார், "மச்சான், இந்தப் பெயரை எழுதி அனுப்பு" என்றால் சரி. அந்த எழுத்து வடிவம் பழகிவிட்டால் படத் தொடக்கத்தில் ஓடும் பெயர்களிலும் தானாகக் கண்ணில் படும்.

அப்புறம் வரிசை. நாயகன் ஃபரீத் ஷவ்கியோடு அவர் மோதும் கறுப்பு வெள்ளைப் படங்கள் இரண்டு மூன்றை முதலில் பாருங்கள். 1970இல் கான் திரைப்பட விழாவில் போட்டியிட்ட, இயக்குநர் யூசுஃப் ஷாஹீனின் 'நிலம்' படத்துக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள். அந்த வில்லன் முகம் மனதில் ஊறிய பிறகு பார்த்தால்தான், விவசாயி அபூ சுவைலமாக அவர் வரும்போது நெஞ்சு அடைக்கும். கடைசியில் குதிரையில் கட்டி இழுத்துப்போகிறார்கள், அவர் விரல்கள் மண்ணை விடாமல் பிறாண்டுகின்றன. அந்தக் கையை மட்டும், சத்தத்தை நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் பாருங்கள்.

பிறகு 1979இன் 'அலெக்ஸாந்திரியா ஏன்?'. அதில் அவர் தகப்பன்.