பெட்டி பேசவில்லையா? மறுபடி அனுப்பாதீர்கள்

போன வாரம் ஏற்காடு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கி, 40 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். என் கைபேசியில் பச்சைக் குறி வந்துவிட்டது. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் கடைக்கார அக்காவின் ஒலிப்பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. "இன்னொரு முறை அனுப்புங்கள், தம்பி" என்றார். அங்கேதான் நிதானம் வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது. பணம் போகும் பாதை வேறு, பெட்டிக்குச் செய்தி வரும் பாதை வேறு. ஒட்டிவைத்திருக்கும் கியூஆர் சதுரமோ வெறும் முகவரி. பணம் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் வங்கியும் கடைக்காரரின் வங்கியும், நடுவே தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் கணினிகளும் பேசி முடித்த பிறகுதான் பெட்டியின் முறை. மலையில் சிக்னல் மங்கினால் அது ஊமை. ஆகவே கடைக்காரரின் செயலியைத் திறக்கச் சொல்லி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம் கழிந்தும் கடைக்குச் சேரவில்லையா? ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. பஜ்ஜியைவிட லாபம்!

ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, டவருக்கு மின்சாரம் நின்றால் யுபிஐயே ஓடாது. அடிவாரத்திலேயே கொஞ்சம் சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள்.

அக்கா தன் கைபேசியில் பார்த்தார், பணம் வந்திருந்தது. நான் கடைசி பஜ்ஜியைக் கடிக்கும்போதுதான் பெட்டி கத்தியது.