கண்டாங்கிச் சேலையில் தானத்துக்கு ஓர் ஒட்டுப் போர்வை

பெட்டியில் அப்பத்தாவின் பழைய கண்டாங்கிகள் மடித்த மடிப்பில் கிடக்கின்றனவா? போர்வையாகத் தைத்து ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுங்கள். ஊசி பிடிக்கத் தெரிந்தால் போதும்.

தைக்கும் முன் எப்படிப்பட்ட போர்வை வேண்டும் என்று அந்த இல்லத்தில் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. முதல் போர்வைக்குள் பாலியஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்து, சித்திரை வெயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாராலும் போர்த்த முடியவில்லை. காரைக்குடிச் சூட்டுக்குப் பஞ்சே வேண்டாம், மூன்று அடுக்குப் பருத்தித் துணி போதும்.

சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விலகிச் சல்லடையாகத் தெரியும் இடத்தை விட்டுவிடுங்கள். அப்புறம், அரக்குச் சிவப்பை ஈரமான வெள்ளைத் துணியால் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துண்டு வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், நான் அதை நம்புவதில்லை.

6½ அங்குலச் சதுரமாக ஓர் அட்டை வெட்டிக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட கண்டாங்கி என்றால் கோட்டோடு அட்டையை நிறுத்தினாலே வெட்டு கோணாது. 96 துண்டுகள் வேண்டும். ஓரத்தில் கால் அங்குலம் விட்டு, வரிசைக்கு 8 வீதம் 12 வரிசை இணைத்தால் 48க்கு 72 அங்குலம் வரும். இதை மிஷினில் தைக்கலாம்.

நடு அடுக்குக்கு 4 முழ வேட்டி கிட்டத்தட்ட அளவெடுத்ததுபோல் பொருந்தும். அடியில் மெல்லிய பருத்திச் சேலை. பூக்கல் தரையில் மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி வேறு நிற நூலால் பெரிய பெரிய தையலாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி மிஷின் வேண்டாம், கைத்தையல்தான். பழைய துணியில் மிஷின் தையல் நெருக்கமாக ஓடினால் அந்த வரியிலேயே கிழியும், போர்வையும் விறைக்கும். வரிக்கு வரி இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஊசியை மேலும் கீழுமாக விட்டெடுத்து நேராக நூலோட்டம் போடுங்கள், முடிச்சை அடுக்குக்குள் இழுத்து மறையுங்கள். அழகு பார்த்துப் பூவேலை, கண்ணாடி, ஜரிகை எதுவும் சேர்க்க வேண்டாம். வயதானவர்களின் தோல் மெல்லியது, உரசினால் புண்ணாகும். சேலைக் கரையையே 2½ அங்குலப் பட்டையாக வெட்டி நான்கு ஓரமும் மடித்துத் தைத்தால் கண்டாங்கியின் களை வந்துவிடும்.

பிடித்துவைத்த நூலைப் பிரித்துவிட்டு, வெந்நீரில் ஒருமுறை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை ஓர் உடைந்த ஊசிமுனை தட்டுப்பட்டது.