சீன மாணவருக்கு 'ஹேவ்' வினையைச் சொல்லித்தருதல்: 'இல்லை'யிலிருந்து தொடங்கும் ஒரு வழி

குவாங்சோ நகரில், ஏற்றுமதி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லித்தந்துகொண்டிருந்த காலத்தில், மாணவி ஒருவர் தாம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலைக் கொண்டுவந்து காட்டினார். சரக்கை இன்னும் அனுப்பவில்லை என்று தெரிவிக்க அவர் எழுதியிருந்த வாக்கியம் இது: "வி டோன்ட் ஹேவ் ஷிப்." அதைப் படித்தவர் கப்பல் கிடைக்கவில்லை என்று புரிந்துகொண்டு, அப்படியானால் விமானத்தில் அனுப்புங்கள், கூடுதல் செலவு உங்களுடையது என்று பதில் எழுதிவிட்டார். தம் வாக்கியத்தில் என்ன பிழை என்பது மாணவிக்கு விளங்கவில்லை. அந்தப் பிழை எங்கிருந்து பிறக்கிறது என்பது அன்று எனக்கும் விளங்கவில்லை. வாக்கியத்தை மட்டும் திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே பிழை வேறு வாக்கியத்தில் திரும்பி வந்தது.

சீன மொழி பேசும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் புதிதாகத் தொடங்கியிருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கில இலக்கணம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். சீனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இங்கே வரும் சில சொற்களைப் பழகிக்கொண்டால் போதும். சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழத்தான் காட்ட முடியும், தொனிகளைக் காட்டவே முடியாது. ஆகவே வகுப்புக்குப் போவதற்குமுன் ஒவ்வொரு சொல்லையும் ப்ளெக்கோ அகராதிச் செயலியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். வேறு அகராதிகளும் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்காக நான் ப்ளெக்கோவையே விரும்புகிறேன்.

படி 1: எதிர்மறையிலிருந்து தொடங்குங்கள்

பாடநூல்கள் எல்லாம் "ஐ ஹேவ் எ பென்" என்ற உடைமைப் பொருளில்தான் இந்த வினையை அறிமுகப்படுத்துகின்றன. சீன மாணவருக்கு அதில் எந்தச் சிக்கலும் இல்லை, ஏனெனில் 'யோ' என்ற அவர்களுடைய வினை அந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது. சிக்கல் அதன் எதிர்மறையான 'மெய்யோ' என்ற சொல்லில் இருக்கிறது. "வோ மெய்யோ ச்சியென்" என்றால் என்னிடம் பணம் இல்லை. "வோ ட்ஸுவோதியென் மெய்யோ ச்யூ" என்றால் நான் நேற்றுப் போகவில்லை. "வோ ஹாய் மெய்யோ ச்சி" என்றால் நான் இன்னும் சாப்பிடவில்லை. மூன்று தமிழ் வாக்கியங்களின் முடிவையும் பாருங்கள். பொருள் இல்லாமையையும் செயல் நடவாமையையும் நாம் 'இல்லை' என்ற ஒரே சொல்லால் சொல்வதுபோல அவர்கள் 'மெய்யோ' என்ற ஒரே சொல்லால் சொல்கிறார்கள். ஆங்கிலமோ இந்த மூன்றுக்கும் முறையே 'டோன்ட் ஹேவ்', 'டிட்ன்ட்', 'ஹேவ்ன்ட்' என மூன்று வடிவங்களைக் கேட்கிறது.

"வி டோன்ட் ஹேவ் ஷிப்" பிறந்த விதம் இப்போது தெரிகிறது. மாணவியின் மனத்தில் இருந்தது "ஹாய் மெய்யோ ஃபாஹுவோ" என்ற தொடர். 'மெய்யோ' என்பதற்குத் தாம் முதன்முதலில் கற்ற 'டோன்ட் ஹேவ்' என்பதை வைத்தார். சரக்கு அனுப்புதலைக் குறிக்கும் 'ஃபாஹுவோ' என்ற வினைக்கு 'ஷிப்' என்பதை வைத்தார். 'ஷிப்' ஆங்கிலத்தில் பெயராகவும் வினையாகவும் வருவதால் பிழை வெளியே தெரியாமல், வேறொரு பொருளைத் தந்து நின்றுவிட்டது.

நான் தடுக்கி விழுந்த இடம் இதற்கு அடுத்ததுதான். காரணம் பிடிபட்ட உற்சாகத்தில் நான் ஒரே ஒரு விதியைக் கொடுத்தேன்: 'மெய்யோ'வுக்குப் பின் பெயர் வந்தால் 'டோன்ட் ஹேவ்', வினை வந்தால் 'ஹேவ்ன்ட்'. இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு வகுப்பு முழுவதும் "வி ஹேவ்ன்ட் ஷிப்ட் எஸ்டர்டே" என்று எழுதத் தொடங்கியது. நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் இருந்தால் ஆங்கிலம் 'ஹேவ்ன்ட்' வடிவத்தை ஏற்காது என்பது எனக்கு இயல்பாகத் தெரிந்திருந்ததால், அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. 'மெய்யோ'வுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அது நேற்றோடும் சேரும், இன்னும் என்பதோடும் சேரும்.

ஆகவே இப்போது பலகையில் இரண்டு கேள்விகளை எழுதுகிறேன், அவற்றின் வரிசையை மாற்றுவதில்லை. முதல் கேள்வி: 'மெய்யோ'வுக்குப் பின் வருவது பெயரா, வினையா? பெயர் என்றால் 'டோன்ட் ஹேவ்' என்று எழுதிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வினை என்றால் இரண்டாவது கேள்வி: முடிந்த காலத்தைக் குறிக்கும் சொல் வாக்கியத்தில் உள்ளதா? இருந்தால் 'டிட்ன்ட்', அதன்பின் மாறாத வினை. அது இல்லாமல் 'ஹாய்' இருந்தால், அதாவது 'இன்னும்' என்ற பொருள் இருந்தால், 'ஹேவ்ன்ட்', அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம், கடைசியில் 'யெட்'. முதல் மூன்று வகுப்புகளை இதற்கு மட்டுமே ஒதுக்குங்கள். மாணவர்கள் தங்கள் வேலையிலிருந்தே சீன வாக்கியங்களைக் கொண்டுவரட்டும். சரக்கு, மாதிரி, பணம், ஆவணம் என்று வாக்கியங்களுக்குப் பஞ்சமே இராது.

படி 2: 'தேர் ஹேவ்' என்னும் பிழை

'யோ' என்பதற்கு உடைமையோடு இருப்பும் பொருள். நமக்கு இதுவும் புதிதல்ல: "மேசைமேல் புத்தகம் இருக்கிறது", "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்று இரண்டுக்கும் ஒரே வினையைத்தான் நாமும் பயன்படுத்துகிறோம். வேறுபாடு என்னவென்றால், ஆங்கிலத்தின் 'ஹேவ்' போன்ற தனிவினை தமிழில் இல்லை என்பதால் நாம் அதை முற்றிலும் புதிதாகக் கற்கிறோம். சீனரோ 'ஹேவ்' என்பதும் 'யோ' என்பதும் ஒன்றே என்று நம்பிவிடுகிறார். அதனால் "யோ ஹென் துவோ ரென்" என்பது "தேர் ஹேவ் மெனி பீப்பிள்" ஆகிவிடுகிறது. கழிப்பறைக் கதவை யாரேனும் தட்டினால் உள்ளிருப்பவர் "யோ ரென்" என்று குரல் கொடுப்பது சீனாவில் வழக்கம். ஆள் இருக்கிறது என்று பொருள். என் மாணவர் ஒருவர் வெளிநாட்டு விடுதி ஒன்றில் உள்ளேயிருந்து "ஹேவ் பீப்பிள்!" என்று கத்தியதைத் தாமே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இதற்கான சோதனை எளியது. சீன வாக்கியத்தில் 'யோ'வுக்கு முன் என்ன நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆள் நின்றால் 'ஹேவ்'. இடம் நின்றாலோ ஒன்றுமே இல்லாமல் வாக்கியம் 'யோ'விலேயே தொடங்கினாலோ 'தேர் இஸ்' அல்லது 'தேர் ஆர்'. "ஜுவோட்ஸி ஷாங் யோ யி பென் ஷு" என்பதில் மேசைமேல் என்ற இடம் முன்னே நிற்கிறது. ஆகவே 'தேர் இஸ்'. நிறுவனம், வீடு, நகரம் போன்றவை இரண்டு பக்கமும் சாயக்கூடியவை. அவற்றில் மாணவர் எதை எழுதினாலும் நான் திருத்துவதில்லை.

இதைத் திருத்திய கையோடு இன்னொரு பிழை தலைகாட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "யோ ஹென் துவோ ரென் ஷிஹுவான் ஹெ ச்சா", அதாவது பலருக்குத் தேநீர் பிடிக்கும் என்பதை, நீங்கள் கொடுத்த விதியை மதித்து "தேர் ஆர் மெனி பீப்பிள் லைக் டீ" என்று எழுதுவார்கள். நடுவில் 'ஹூ' சேர்க்கச் சொல்வதைவிட, 'தேர் ஆர்' என்பதையே அடித்துவிட்டு "மெனி பீப்பிள் லைக் டீ" என்று தொடங்கச் சொல்வது நல்லது.

படி 3: வினைக்குப் பின் வரும் 'குவோ', 'ல' என்ற இரண்டு துகள்கள்

நிறைவுக் காலத்தை விளக்க வரும்போது தமிழ் நம்மைக் கைவிடும், சீனம் கைகொடுக்கும். "அவர் ஷாங்காய்க்குப் போயிருக்கிறார்" என்ற தமிழ் வாக்கியத்துக்கு, அவர் இப்போது அங்கே இருக்கிறார் என்றும், முன்பு எப்போதோ போய்வந்த அனுபவம் உண்டு என்றும் இரண்டு பொருள் கொள்ளலாம். சீனத்தில் இந்த மயக்கம் இல்லை. "தா ச்யூகுவோ ஷாங்காய்" என்றால் போய்வந்த அனுபவம், ஆங்கிலத்தில் 'ஹேஸ் பீன் டு'. "தா ச்யூ ல ஷாங்காய்" என்று இன்றைய நிலையைச் சொன்னால் போய்விட்டார், இங்கே இல்லை, ஆங்கிலத்தில் 'ஹேஸ் கான் டு'. இந்த ஒப்பீட்டை ஒருமுறை எழுதிக் காட்டினால் போதும். ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஆசிரியர்கள் ஒரு மணி நேரம் விளக்குவதை மாணவர் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்.

'ல' மட்டும் ஓர் இடத்தில் காலை வாரும். "வோ ஜியெஹுன் வூ நியென் ல" என்றால் எனக்குத் திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இதை "ஐ ஹேவ் மேரீட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்று எழுதுவார்கள். "ஐ ஹேவ் பீன் மேரீட்" என்பதே சரி. இறந்து மூன்று ஆண்டு ஆயிற்று என்பதை 'ஹேஸ் டைட் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுவதும் இதே வகை. சீன நடுநிலைப் பள்ளிகளில் கணநேர வினை, நீடிக்கும் வினை என்று இரண்டாகப் பிரித்து இதைக் கற்பிப்பதுண்டு. பெரியவர்களுக்கு அந்தப் பெயர்கள் மங்கலாக நினைவிருக்கும். நீங்கள் புதிய கலைச்சொல் எதையும் கொண்டுவராமல் அந்த நினைவைத் தட்டியெழுப்பினால் போதும்.

படி 4: 'யிஷியா'

இது சுருக்கமான படி. வினைக்குப் பின் 'யிஷியா' சேர்த்தால், கொஞ்சம் செய்துபார் என்ற மென்மை வரும். 'கான் யிஷியா' என்பது 'ஹேவ் எ லுக்', 'ஷியூஷி யிஷியா' என்பது 'ஹேவ் எ ரெஸ்ட்', 'ஷி யிஷியா' என்பது 'ஹேவ் எ ட்ரை'. எல்லா வினைக்கும் இது பொருந்தாது என்று எச்சரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். காலை உணவு உண்பதற்கு 'ஹேவ்' வருவதையும் இங்கேயே சொல்லிவிடலாம்; 'ஈட்' என்று சொன்னாலும் தவறில்லை. மருந்தை மட்டும் அவர்கள் 'ஈட்' என்பார்கள், ஏனெனில் சீனத்தில் மருந்தைத் தின்பதுதான் வழக்கு. அதற்கு ஆங்கிலத்தில் 'டேக்' வேண்டும்.

படி 5: 'ஹேவ் டு', 'டோன்ட் ஹேவ் டு'

'ஹேவ் டு' என்பதற்குச் சீனத்தில் 'தெய்' என்ற சொல் உண்டு, அது எளிது. எதிர்மறையில் கவனம் தேவை, அந்தக் கவனம் மாணவரைவிட நமக்கே அதிகம் தேவை. "நீங்கள் வர வேண்டாம்" என்று தமிழில் சொன்னால், வரத் தேவையில்லை என்ற சலுகையாகவும் கொள்ளலாம், வரக்கூடாது என்ற தடையாகவும் கொள்ளலாம். சீனத்தில் சலுகைக்கு 'புயோங்', தடைக்கு 'பியெ' என்று சொற்கள் தனித்தனியே நிற்கின்றன. 'டோன்ட் ஹேவ் டு' என்பது 'புயோங்' மட்டுமே. நான் ஒருமுறை 'வேண்டாம்' என்ற தமிழ் நினைவிலேயே விளக்கப்போய் வகுப்பையே குழப்பிவிட்டேன். அந்த இரண்டு சீனச் சொற்களைப் பலகையில் எழுதிய ஒரு மாணவர்தான் என்னைக் காப்பாற்றினார்.

படி 6: காதில் விழாத 'ஹேவ்'

மாணவர் "ஐ ஃபினிஷ்ட்" என்று சொல்லும்போது, 'ஐவ்' என்று சொல்ல நினைத்து அந்த 'வ்' ஒலி வராமல்போயிருக்கலாம். மாண்டரின் எனப்படும் பொதுச் சீனத்தில் பல் உதட்டைத் தொட்டு எழும் 'வ்' தனி ஒலியாக இல்லை. அசையின் இறுதியில் வரக்கூடிய மெய்களும் ஏறத்தாழ 'ன்', 'ங்', 'ர்' என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. ஆகவே இறுதியில் நிற்கும் 'வ்' அவர்களுக்கு இரட்டைச் சுமை. ஆனால் சோற்றைக் குறிக்கும் 'ஃபான்' என்ற சொல்லில் வரும் 'ஃப' ஒலி அவர்களிடம் இருக்கிறது. பல்லையும் உதட்டையும் அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு தொண்டையை அதிரவிடச் சொல்லுங்கள். அடுத்து, 'ஹேவ்' என்பதைத் தனியாக விடாமல் உயிரில் தொடங்கும் சொல்லோடு சேர்த்து 'ஹே-வெ-லுக்', 'ஹே-விட்' என்று பிரித்துச் சொல்லவையுங்கள். இறுதி மெய் அடுத்த அசையின் தொடக்கமாகிவிடுவதால் நாக்குக்குப் பளு குறைகிறது.

வீட்டுப்பாடத்துக்கு, சீனர்கள் பயன்படுத்தும் வீசாட் செயலியின் குரல்செய்தியைவிடச் சிறந்தது எதையும் நான் காணவில்லை. ஒரு செய்தி 60 விநாடிக்குமேல் போகாது என்பதால் மாணவர் சுருக்கமாகப் பேசுவார், நீங்களும் எல்லாவற்றையும் கேட்டு முடிப்பீர்கள். பாடத்தாள்களைக் கூகுள் ஆவணமாக அனுப்பாதீர்கள். சீனப் பெருநிலத்தில் அது சாதாரணமாகத் திறக்காது. நினைவட்டைச் செயலிகள் தனிச்சொற்களுக்கு நல்லவை. 'ஹேவ்' போன்ற வினைக்கு அவற்றால் பயனில்லை என்பது என் கருத்து, ஏனெனில் ஓர் அட்டையின் பின்புறத்தில் ஒரு பொருளைத்தான் எழுத முடியும்.

படர்க்கை ஒருமையில் 'ஹேஸ்' வருவதைப் பற்றித் தனிப்படி எழுதவில்லை. விதி அவர்கள் எல்லோருக்கும் தெரியும். 'சான் தான்' என்று அதற்குச் சுருக்கப் பெயரே வைத்திருக்கிறார்கள். பேசும்போது மறந்துபோகிறது, அவ்வளவே. 'சான் தான்' என்று நீங்கள் முணுமுணுத்தால் உடனே திருத்திக்கொள்வார்கள்.

பிற்சேர்க்கை: தைவான் மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு, முதல் படி தம் வகுப்பில் பாதிதான் வேலை செய்கிறது என்று எழுதினார். அவர் சொல்வது நியாயமே. பொதுச் சீனத்தில், செயல் நடக்கவில்லை என்று சொல்லும்போது வினைக்கு முன் 'மெய்யோ' வரும், நடந்தது என்று சொல்லும்போது 'யோ' வராது. தைவானில் பேசப்படும் சீனத்திலோ, அங்கே பேசப்படும் இன்னொரு சீன மொழியான மின்னானின் தாக்கத்தால், "வோ யோ ச்யூ" என்று உடன்பாட்டிலும் 'யோ' வருகிறது. குவாங்சோ வட்டாரத்து மொழியான கான்டனீயம் பேசுவோரும் சாப்பிட்டாயா என்று கேட்கும்போது 'யாவ் மோவ்' என்று இருப்பையும் இன்மையையும் வினைக்கு முன் அடுக்குவார்கள். குவாங்சோவில் இருந்தும் நான் இதைக் கவனிக்காமல் போனதற்குக் காரணம், என் மாணவர்களில் பெரும்பாலோர் ஹுனான், ஜியாங்சி மாகாணங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் என்பதே. இத்தகைய மாணவர்கள் "ஐ ஹேவ் கோ", "டூ யூ ஹேவ் ஈட்?" என்று எழுதுவார்கள். அவர்களுக்கு முதல் படியின் இரண்டு கேள்விகளையும் 'யோ'வுக்கும் சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள்: பின்னால் வினை வந்து, முடிந்த காலச் சொல்லும் இருந்தால், 'ஹேவ்' என்பதை அடித்துவிட்டு வினையை இறந்த காலத்துக்கு மாற்ற வேண்டும், காலச் சொல் இல்லையென்றால் 'ஹேவ்' இருக்கட்டும், வினையை மட்டும் மூன்றாம் வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.