எடை குறைக்க மீண்டும் நடக்கத் தொடங்குகிறவர்கள் நாளுக்கு எத்தனை நிமிடம் நடக்கலாம்?

நான்கு வருடம் கதிரையும் நானுமாக இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் கொழும்பின் மரைன் டிரைவில் ஓடத் தொடங்கினேன். நாளுக்கு ஒரு மணித்தியாலம், ஏழு நாளும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். ஒன்பதாம் நாள் வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நொண்டிக்கொண்டு நின்றேன். தினமும் அந்த வழியாக நடக்கும் பெரியவர் ஒருவர், "தம்பிக்கு மூச்சு வாங்கவில்லையே, பிறகு ஏன் நின்றுவிட்டீர்கள்?" என்று கேட்டார். பதில் என் முழங்காலுக்குக் கீழே, முன்எலும்பில் இருந்தது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "இன்னும் போகலாம்" என்று சொல்லும்போது கால் அதற்குத் தயாராக இருப்பதில்லை. ஆகவே நாளுக்கு எத்தனை நிமிடம் என்பதை மூச்சைக் கேட்டு முடிவுசெய்யாதீர்கள்.

முதற்படி: வைத்தியரிடம் போக வேண்டுமா?

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், அல்லது படியேறும்போது நெஞ்சு இறுகினால், சப்பாத்து வாங்குமுன் வைத்தியரைப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு நடையின்போது சீனி திடீரென இறங்கலாம். சட்டைப்பையில் இரண்டு இனிப்பு இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சுவலியோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, தலைச்சுற்றோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். "கொஞ்சம் பார்ப்போம்" என்று தொடராதீர்கள்.

இரண்டாம் படி: நிமிடக் கணக்கு

வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. எடையும் கண்ணுக்குத் தெரியக் குறைய வேண்டுமானால் 200 நிமிடத்துக்கு மேலே போவது நல்லது. ஆனால் அது போய்ச் சேரவேண்டிய இடம். முதல் நாளே அங்கே குதித்தால் என்னைப்போல் நொண்டுவீர்கள்.

முதல் வாரம் நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம். இரண்டாம் வாரம் ஐந்து நாள், அதே 20 நிமிடம். மூன்றாம் வாரம் 25, நான்காம் வாரம் 30. இப்போது 150ஐத் தொட்டுவிட்டீர்கள். அங்கே இரண்டு வாரம் நின்று காலைப் பழகவிடுங்கள். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் ஒன்பதாம் வாரத்தில் 45 நிமிடம், ஐந்து நாள், ஆகமொத்தம் 225. வேலைக்குப் போய்வருகிற ஒருவருக்கு இது தாராளம் என்பது என் எண்ணம். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுநடை. அவையும் இந்தக் கணக்கில் சேரும்.

ஏழு நாளும் நடக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். மெதுவாக உலாவுவதற்குத் தடையில்லை. வேகநடைக்கு மட்டும் இரண்டு நாள் விடுமுறை கொடுங்கள். அந்த இரண்டு நாளில் கதிரையில் உட்கார்ந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று பத்து நிமிடம் செய்தால் தசை கரையாமல் நிற்கும்.

மூன்றாம் படி: வேகம்

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகம் என்றால் இதுதான். எனக்கு இதற்குக் கருவியாக வாய்த்தவர் மேல்மாடி அன்ரி. அவர் கதை சொல்லிக்கொண்டே வருவார். நான் முழு வசனத்தில் பதில் சொன்னால் வேகம் சரி, "ம்" மட்டும் கொட்டினால் கூடிவிட்டது என்று பொருள்.

எண்ணிக்கை வேண்டுமென்றால் நாடி பிடியுங்கள். பெருவிரலின் அடிப்பக்கத்தில், மணிக்கட்டில், சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 220இல் வயதைக் கழித்தால் வருவது உச்சத் துடிப்பின் தோராயம். அதில் 64 முதல் 76 வீதம் வரை மிதமான வேகம். 45 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 112 முதல் 133 வரை, அதாவது 15 விநாடிக்கு 28 முதல் 33 துடிப்பு. சில பிரஷர் மாத்திரைகள் துடிப்பைக் கூடவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அவற்றைப் போடுகிறவர்கள் நாடியை விட்டுவிட்டு அன்ரியை நம்பலாம்.

நான்காம் படி: இடமும் நேரமும்

கொழும்பில் சூரியன் வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டியே எழுகிறது. ஐந்தரைக்கு இறங்கினால் வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம். இங்கே சூட்டைவிடக் கொடுமையானது காற்றிலுள்ள ஈரம். வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்பதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது. உடம்பு பிசுபிசுக்கும் அப்படியான விடியலில் வேகத்தைக் குறைப்பது தோல்வியல்ல. வியர்த்தால் எடை இறங்கும் என்று மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு நடக்கிறவர்களையும் பார்க்கிறேன். அவர்கள் இழப்பது தண்ணீரை. இரண்டு கோப்பை குடித்தவுடன் அது திரும்பிவிடும்.

காலிமுகத்திடல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் அரைக் கிலோமீற்றர், போய்வந்தால் ஒன்று. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது; கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பேணும்படி பின்வருவோரைக் கேட்டுக் கல்லிலும் பொறித்துவிட்டுப் போனார். சுதந்திர சதுக்கமும் விகாரமகாதேவி பூங்காவும் நிழலுக்கு நல்லவை. மழை நாளில் தொடர்மாடிப் படிகள் போதும். ஏறும்போது படி, இறங்கும்போது லிப்ட், முழங்காலுக்காக.

ஐந்தாம் படி: வலியைப் படிப்பது

தொடையிலும் கெண்டைக்காலிலும் இரண்டு பக்கமும் மந்தமான நோவு, மறுநாள் கூடி மூன்றாம் நாள் மறைந்தால் அது தசை பழகும் நோவு. நடக்க நடக்கக் குறைந்தாலும் பயமில்லை. நடக்க நடக்கக் கூடினால் நிறுத்துங்கள்.

முன்எலும்பு வலிக்கிறதா? கதிரையில் உட்கார்ந்து, எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். உள்ளங்கை நீளத்துக்குப் பரவலாக நோகிறது என்றால் பெரும்பாலும் எலும்பைச் சுற்றிய உறையின் எரிச்சல், ஓய்வு கேட்கும். ஒரேயொரு புள்ளியில், விரல் நுனி அகலத்தில், சுரீரென்று குத்தினால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அது மயிரிழை விரிசலாக இருக்கலாம். வைத்தியர் பார்க்க வேண்டும். என்னுடையது முதல் வகை. மூன்று வாரம் வீட்டில் இருந்தேன். ஒன்பது நாள் வீரத்துக்கு மூன்று வாரம் தண்டனை.

ஆறாம் படி: எடைக் கணக்கு

75 கிலோ எடையுள்ளவர் மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 130 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் நடை மட்டும் என்றால் ஒரு கிலோ குறையப் பன்னிரண்டு வாரம்! இதைக் கேட்டவுடன் பலர் நேரத்தை இரட்டிப்பாக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். நாளுக்கு நான்கு பிளேன்டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் அது 32 கிராம், கிட்டத்தட்ட 128 கலோரி. அந்தச் சீனியை விட்டால் கால் நோகாமல் இன்னொரு அரைமணி நேரம் நடந்த கணக்கு. அதுவும் ஏழு நாளும். இரண்டும் சேர்ந்தால் கிலோவுக்கு ஐந்து வாரம் போதும். நடந்துவிட்டு வரும் வழியில் ரோல்ஸ் இரண்டு உள்ளே போனால் இந்தக் கணக்கெல்லாம் கிழிந்துவிடும்.

தராசில் வாரத்துக்கு ஒரு முறை, எப்போதும் அதே நாளில், காலையில் வெறும் வயிற்றோடு நில்லுங்கள். முதல் வாரத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கினால் ஆடிப்பாடாதீர்கள், பெரும்பகுதி தண்ணீர். தொப்புள் மட்டத்தில் நாடாவைச் சுற்றி இடுப்பளவையும் எழுதி வையுங்கள். தராசு அசையாத வாரங்களிலும் சிலவேளை நாடா இறங்கும்.

இடையில் நாட்கள் தவறினால் மறுநாள் சேர்த்து நடந்து கடன் அடைக்க வேண்டாம். ஒரு வாரம் போய்விட்டால் அட்டவணையில் ஒரு வாரம் பின்னே போங்கள். டெங்கு வந்து எழும்பியவர்களுக்குக் களைப்பு வாரக்கணக்கில் நிற்கும். வைத்தியர் சரி என்று சொன்ன பிறகு முதல் வாரத்தின் 20 நிமிடத்திலிருந்தே தொடங்குங்கள். அதுவும் கூடுதலாகத் தெரிந்தால் பத்து.