ஷிப்பிங் பில்லில் எதை நாடு என்று எழுதுவது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்) போன்ற தாள்களைத் தயாரிக்கும் டாக்குமென்டேஷன் மேசைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், ஆர்டரில் பழக்கமில்லாத பெயரைப் பார்த்ததும் "சார், இது நாடுதானா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தியா அதை நாடாக ஏற்றிருக்கிறதா? சரக்கு இறங்கும் இடத்தில் சுங்கம் யார் கையில்? எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், வண்டித்தடம் பங்காளி கையில் இருக்கும்; தேங்காய் லோடு ஏற்றும் நாளில்தான் அது தெரியவரும்.

1933ஆம் ஆண்டின் மான்டெவிடியோ உடன்படிக்கை, நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் என நான்கைக் கேட்கிறது. பரீட்சைக்கு இது போதும், ஷிப்பிங் பில்லுக்குப் போதாது. நாடுகளின் பட்டியலில் (இந்தியாவுக்கு IN போல) இரண்டெழுத்துக் குறியீடு இருக்கிறதே என்றும் நம்பிவிடாதீர்கள். சீனாவின் பகுதியான ஹாங்காங்குக்குத் தனிக் குறியீடு உண்டு. அண்டார்டிகாவுக்கும் உண்டு, அங்கே யார் பனியன் வாங்கப்போகிறார்கள்?

தைவான் சுலபம். இந்தியாவுக்கு அதனோடு தூதரக உறவு இல்லை. சென்னையில் இருப்பது தைபே பொருளாதார, கலாசார மையம்தான். ஆனால் 2002 முதல் தனிச் சுங்கப் பகுதி என்ற தகுதியில் அது உலக வர்த்தக அமைப்பின் உறுப்பினர். கார்ட்டன் மேல் 'தைவான்' என்று மட்டும் போடுங்கள். முன்னும் பின்னும் எதையும் சேர்க்க வேண்டாம்.

பாலஸ்தீனம் நேர்எதிர். 1988லேயே இந்தியா அதை நாடாக ஏற்றுவிட்டது, 2012இல் ஐ.நா. பொதுச்சபை பார்வையாளர் நாடு என்ற நிலையைத் தந்தது. என்றாலும் பாலஸ்தீன நகரமான ரமல்லாவில் இருக்கும் பையரின் பெட்டி, இஸ்ரேலியத் துறைமுகங்களான அஷ்தோத் அல்லது ஹைஃபாவில் இறங்கி இஸ்ரேலியச் சுங்கத்தைக் கடந்தாக வேண்டும். ஆகவே இஸ்ரேல் என்னென்ன தாள் கேட்கும் என்று பையரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

மிகக் கவனமாக இருக்க வேண்டியது சைப்ரஸ் தீவின் வடபகுதியான வடக்கு சைப்ரஸ். முகவரியின் கடைசி வரியில் 'மெர்சின் 10, துருக்கி' என்று வரும். மெர்சின் உண்மையிலேயே துருக்கித் துறைமுகம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தப் '10'தான் வடக்கு சைப்ரஸுக்கான அடையாளம், அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வையுங்கள். மக்கள், நிலம், நிர்வாகம் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் 1974இல் துருக்கி ராணுவம் இறங்கியதன் தொடர்ச்சியாக வந்த ஆட்சி அது. 1983இல் தனிநாடு என்று அறிவித்ததும், அந்த அறிவிப்பு சட்டப்படி செல்லாது என்று பாதுகாப்புச் சபை 541ஆம் தீர்மானத்தில் சொல்லிவிட்டது. துருக்கி மட்டுமே அங்கீகரித்திருக்கிறது. அந்த வடபகுதியில் இருக்கும் ஃபாமகுஸ்தா துறைமுகத்தை மூடியதாக சைப்ரஸ் குடியரசு 1974லேயே அறிவித்துவிட்டது. வடக்கிலிருந்து பிரிட்டனுக்குப் போன ஆரஞ்சுக்கும் உருளைக்கிழங்குக்கும் அந்த நிர்வாகம் கொடுத்த சான்றிதழ்களை ஏற்கக் கூடாது என்று 1994இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தை ஆள்கிறவரின் முத்திரை பிரிட்டன் துறைமுகத்தில் செல்லாத தாளாகிவிட்டது! முதலாளி தூத்துக்குடிக்கு லாரி கிளம்ப வேண்டும் என்று நின்றாலும், வங்கியிடமும் கிளியரிங் ஏஜென்டிடமும் கேட்காமல் இன்வாய்ஸ் போடாதீர்கள்.

கொசோவோ 2008இல் சுதந்திரம் அறிவித்தது. அந்த அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஆனால் கொசோவோ ஒரு நாடு என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. கடலும் கிடையாது, பெட்டி அல்பேனியாவின் துரெஸ் போன்ற அண்டைத் துறைமுகத்தில்தான் இறங்கும். இறங்கும் துறைமுகமும் சேரும் இடமும் வேறு வேறு கட்டங்கள், கலந்துவிடாதீர்கள். எல்.சி.யில் (பையரின் வங்கி பணத்துக்குக் கொடுக்கும் உறுதிக் கடிதம்) பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே இன்வாய்ஸிலும் வர வேண்டும். பெயர் சரியில்லை என்று பட்டால் வங்கிக்கு விளக்கக் கடிதம் எழுதாமல், சரக்கு கிளம்பும் முன்பே எல்.சி.யைத் திருத்தி வாங்குங்கள்.