கையில் அட்டை, நடுவில் இரண்டு நிமிடப் பேச்சு

எங்கள் கல்லூரியில் மாணவர்கள் வகுப்புக்குள் செல்போன் எடுத்துவரக் கூடாது. வகுப்பில் கேள்வி கேட்டு எல்லோருடைய விடையையும் உடனே பார்க்க உதவும் மென்டிமீட்டர், கஹூட் போன்ற செயலிகள் எல்லாம் ஆளுக்கொரு போன் கேட்கும். அதனால் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டுக்கு நான் பயன்படுத்துவது பிளிக்கர்ஸ் அட்டைகள். மாணவர்கள் அட்டையைத் தூக்கிக் காட்ட, ஆசிரியரின் போன் கேமரா விடைகளைப் படித்துக்கொள்ளும். ஆசிரியர் கையில் ஒரு போன், அதில் நெட் இருந்தால் போதும்.

பிளிக்கர்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி அட்டைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். வகுப்பில் 40 பேருக்கு மேல் இருந்தால் 63 அட்டைகள் உள்ள தொகுப்பை எடுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு எண், ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம், நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்த எழுத்து மேலே வருகிறதோ அதுதான் விடை. அட்டைக்கு அட்டை கட்டம் மாறுவதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தூக்குவது கஷ்டம். வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே எண் கொடுத்துவிடுங்கள். பளபளக்கும் லேமினேஷன் மட்டும் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் பட்டால் கேமராவுக்குக் கட்டம் தெரியாது. அட்டையின் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள், விரல் மறைத்தாலும் இதே சிக்கல்தான்.

கருவி வேலை இவ்வளவுதான். உழைப்பு முழுக்கக் கேள்வியில் இருக்கிறது. வரையறையைக் கேட்டால் மனப்பாடம்தான் தெரியவரும். பிள்ளைகள் வழக்கமாக எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே கேளுங்கள். நான் விரும்பிக் கேட்பது இது: நாணயத்தை நேராக மேலே சுண்டுகிறோம். உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? பூஜ்ஜியமா, கீழ்நோக்கி 9.8ஆ (மீ/வி²), மேல்நோக்கி 9.8ஆ, கீழ்நோக்கி ஆனால் 9.8ஐ விடக் குறைவா? சரியான விடை கீழ்நோக்கி 9.8. ஆனால் இயக்கச் சமன்பாடுகளைத் தூக்கத்திலும் ஒப்பிக்கிறவர்கள்கூட பூஜ்ஜியம் என்று தூக்குவார்கள். திசைவேகம் பூஜ்ஜியமானால் முடுக்கமும் பூஜ்ஜியம்தானே என்ற எண்ணம். தவறான விடைகளை நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள். பழைய விடைத்தாள்களைப் புரட்டினால் அவர்களே எழுதி வைத்திருப்பார்கள்.

அப்புறம் நடத்தும் விதம். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வகுத்துக் கொடுத்த முறையைத்தான் பின்பற்றுகிறேன். முதலில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் யோசித்து அட்டையைத் தூக்க வேண்டும். போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒருமுறை சுற்றிக் காட்டினால் எத்தனை பேர் சரி என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். 70 சதவீதத்துக்கு மேல் சரியென்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள். 30க்குக் கீழே என்றால் திரும்ப நடத்துங்கள். இடையில் இருந்தால், வேறு விடை தூக்கிய பக்கத்து ஆளிடம் பேசச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிடம். முடிவைத் திரையில் காட்டவே கூடாது. காட்டினால் எது உயரமான பட்டையோ அந்தப் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள், பேச்சு செத்துவிடும்.

அந்த நேரத்தில் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து காதைக் கொடுங்கள். “டேய், முடுக்கம் பூஜ்ஜியம்னா அது அங்கேயே நிக்கணும்ல? ஏன் கீழே வருது? புவியீர்ப்பு அந்த ஒரு செகண்டு மட்டும் லீவு போடுமா?” இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது. சரியான விடை யாருக்குமே தெரியாத குழுவில் பேசி என்ன பயன் என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் இதையே சோதித்து, 2009இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள்: தொடக்கத்தில் ஒருவருக்கும் சரியான விடை தெரியாத குழுவிலும் பேசியபின் புரிதல் கூடியிருந்தது.

பிறகு இரண்டாவது முறை தூக்கச் சொல்லுங்கள். விடையை உடனே உடைக்காமல், பூஜ்ஜியம் என்றவர்களின் காரணத்தை முதலில் கேளுங்கள். யார் என்ன தூக்கினார் என்று போன் காட்டும். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பிள்ளை அட்டையைத் தூக்குவதே அந்த நம்பிக்கையில்தான். சரியான விடைக்கு இன்டர்னல் மதிப்பெண்ணும் வேண்டாம். மதிப்பெண் வந்துவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதையே குழு முழுக்கத் தூக்கும்.

ஒரு பீரியடுக்கு இரண்டு கேள்வி தாராளம். இரண்டாவது முறையும் தேறாத கேள்வியைக் குறித்துவைத்து அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்குங்கள்.